கண்காணிப்பா, பதிவா? திட்டு மாற்றுக்குப் பிந்தைய குளுக்கோஸ் அளவீடும் கம்பம் பள்ளத்தாக்கின் சொல்வழக்கும்

முன்னுரை

கணையத்தின் லாங்கர்ஹான் திட்டுகளில் உள்ள பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. முதல்வகை நீரிழிவில் இச்செல்கள் அழிகின்றன. சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்தும் அதனை உணர இயலாத நோயாளர் சிலருக்கு, கொடையாளரின் திட்டுகளைக் கல்லீரலுக்குள் செலுத்துவது திட்டு மாற்றுச் சிகிச்சையாகும். அதன்பின் தோலடியில் பொருத்தப்படும் உணரி, திசுநீரின் குளுக்கோசைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளக்கிறது. இம்முறை தமிழில் ‘தொடர் குளுக்கோஸ் கண்காணிப்பு’ எனப்படுகிறது. திட்டு மாற்று தேனி மாவட்டத்தின் அன்றாட மருத்துவம் அன்று. எனினும், இன்சுலின் இட்டுக்கொள்ளும் எவரும் பயன்படுத்தத்தக்க கருவி இதுவாதலின், அதன் பெயரைக் கம்பம் பள்ளத்தாக்கின் சொல்வழக்கை முன்வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

கண்காணியும் கங்காணியும்

‘கண்காணி’ என்பதன் திரிபே ‘கங்காணி’. ஊர்களில் ஆள்திரட்டி, முன்பணம் தந்து, மலைத்தோட்டங்களில் வேலைவாங்கியவர் கங்காணி. போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இன்றும் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் சென்று திரும்பும் தொழிலாளர் வாழும் நிலம் இது. இங்குக் கண்காணிப்பு என்பது மேலிருப்பவரின் பார்வை. பிழை கண்டுபிடிக்கும் பார்வை. சர்க்கரை தாழ்வதோ நோயாளரின் பிழையன்று. தேர்தல், நோய்த்தடுப்பு முதலிய துறைகளில் இச்சொல் நடுநிலையாகவே வழங்குகிறது என மறுக்கலாம்; அம்மறுப்பு ஓரளவு ஏற்கத்தக்கதே. ஆயினும் பெரிய குறை ஒன்று எஞ்சுகிறது. இச்சொல் பார்ப்பவரைச் சுட்டுகிறது. பார்க்கப்படும் பொருளின் இயக்கத்தைச் சுட்டுவதில்லை.

மட்டமும் வரத்தும்

1895-இல் பயன்பாட்டுக்கு வந்த முல்லைப் பெரியாறு அணையின் நீரால் இப்பள்ளத்தாக்கு விளைகிறது. அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் ஆகிய மூன்றையும் நாளிதழ்கள் வெளியிடுகின்றன. வரத்து பெருகும் நாளின் 130 அடியும் வரத்து நின்ற நாளின் 130 அடியும் உழவருக்கு ஒன்றல்ல. குளுக்கோசும் அவ்வாறே. டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்னும் அளவு நிலைத்திருப்பின் நலம். விரைந்து இறங்கும் வேளையில் அதே அளவு எச்சரிக்கை. ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் இவ்வேறுபாடு மறைந்துவிடும். இன்சுலின் ஊசியை மனிதக் கணிப்பில் திறக்கும் மதகு எனலாம். நலமான திட்டுகளோ மட்டமறிந்து தாமே திறந்து மூடும் மதகுகள். அவற்றின் செயல்திறனைத் தனியொரு எண்ணைவிட நாள்முழுதுமான ஏற்றஇறக்கமே தெளிவாக உணர்த்தும்.

இவ்வேறுபாடு சிகிச்சையின் மதிப்பீட்டையும் பாதிக்கிறது. 2000-இல் வெளியான எட்மண்டன் ஆய்வில் 7 நோயாளரும் ஊசியிலிருந்து விடுபட்டனர். 2006-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், இறுதி மாற்றுக்கு ஓராண்டிற்குப்பின், 36 பேரில் 16 பேர் ஊசியின்றி நற்கட்டுப்பாட்டில் இருந்தனர். 10 பேருக்குத் திட்டுகள் பகுதியளவு இயங்கின. 10 பேருக்கு முற்றும் செயலிழந்தன. ஊசி நின்றதா என்பதை மட்டும் கேட்டால் இடைப்பட்ட 10 பேரும் ‘தோல்வி’யாகிவிடுவர். ஆனால், பகுதியளவு இயங்கும் திட்டுகளும் கடும் தாழ்சர்க்கரையிலிருந்து காக்க வல்லவை. அக்காப்பை மணிதோறும் காட்டுவது இக்கருவியே.

முடிவுரை

‘தொடர் குளுக்கோஸ் பதிவு’ என்னும் பெயர் இயக்கத்துக்கு நெருக்கமானது. கருவியின் எச்சரிக்கைப் பணியை அது சுட்டாமை குறையே. அக்குறையை விளக்கக் குறிப்புகளில் ‘மட்டம்’, ‘ஏற்றம்’, ‘இறக்கம்’ என்னும் சொற்களால் நிரப்பலாம். அணைநீரைப் படித்துப் பழகிய உழவர் தம் உடலின் அளவையும் அச்சொற்களால் படிக்க இயலும்.