போராளிகளை அழைத்த பாட்டு

எம்.எச்.எம். அஷ்ரபின் ‘போராளிகளே புறப்படுங்கள்’ கவிதையை எதிர்ப்புக் குரலாகவே கல்முனைக் கரையில் பலரும் கொள்கிறார்கள். அந்தப் பெயருக்கு அது எவ்வளவு தூரம் உரியது?

அதன் பலம் பெரிது. கரையோர முஸ்லிம்களின் வாக்கு பெரும்பாலும் கொழும்பின் இரு பெரிய கட்சிகளுக்கே போய்க்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1981இல் காத்தான்குடியில் தொடங்கி 1986இல் அரசியல் கட்சியான, அஷ்ரப் தலைமை தாங்கிய முஸ்லிம் காங்கிரஸ் அதை மாற்றியது. 1988 வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் 17 ஆசனங்களை வென்றது. நாலாபுறமும் துப்பாக்கி நடமாடிய நாட்களில், வட்டையிலும் தறியிலும் கடலிலும் உழைத்தவர்கள் வாக்குச்சீட்டை நம்பி எழுந்தார்கள். அந்த எழுச்சிக்குத் தலைவரே கவிஞராக இருந்தது உரமூட்டியது.

ஆனால் எழுப்பிவிடுவது ஒரு வேலை. கேள்வி கேட்பது வேறு வேலை. கட்சியையும் சமூகத்தையும் ஒன்றாக்கிவிட்ட பாட்டில், கட்சியைச் சமூகம் கேட்க இடமில்லை. 2020இல் இது வெளிப்பட்டது. கொரோனாவில் மௌத்தான முஸ்லிம்களின் ஜனாஸாக்களை அரசு எரித்துக்கொண்டிருந்தபோதே, ஒக்டோபர் 22 அன்று, ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய அரசியலமைப்பின் 20ஆவது திருத்தத்துக்கு அதே கட்சியின் உறுப்பினர்கள் கையுயர்த்தினார்கள். அஷ்ரபுக்குப் பின் தலைவரானவர் எதிர்த்து வாக்களித்தார். அம்பாறைக் கரையிலிருந்து போனவர்கள் ஆதரித்தார்கள். அந்த வாக்குக்குப் பாட்டு பொறுப்பல்ல என்பார்கள். நியாயம்தான். என் குறை வேறு: ஊர்வலம் போகப் பாட்டு வைத்திருந்த மக்களிடம், அந்த உறுப்பினர்களை வழிமறித்துக் கேட்க ஒரு பாட்டு இருக்கவில்லை. டிசம்பரில் அந்த எரிப்பை எதிர்த்துப் பொரளை மயான வேலியில் கட்டப்பட்ட வெள்ளைத் துணிகளே அப்போது வலுவாகப் பேசின.

கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’ இன்னொரு முனை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது, எரித்தவர்கள் தாங்கள் வணங்கும் புத்தரையே கொன்றதாக அது காட்டியது. தன் ஊருக்கும் சமூகத்துக்கும் அப்பால் நடந்த அநீதியைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு, அதிகாரத்தை அதன் வேதத்தைக் கொண்டே மடக்கியது. எதிர்ப்பின் கூர்மையில் அஷ்ரபின் கவிதையைவிட இது மேல் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. எனினும் இது வாசிக்கப்படுகிற கவிதை. வட்டையில் கதிரறுப்பவர் வாயில் ஏறி உட்காரும் ராகம் இதற்கு இல்லை.

அந்த ராகம் கிழக்கின் ‘கவி’ எனும் நாட்டார் பாடலில் இருந்தது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் ஊர் ஊராகத் தேடித் தொகுத்திராவிட்டால் இந்தக் கவிகளில் பல மூத்தம்மாமாரோடு மண்ணுக்குப் போயிருக்கும். பெரும்பாலும் காதலும் பிரிவும்தான்; அரசை நேரே எதிர்க்கும் கவிகள் அரிது. அதனால் இவற்றை எதிர்ப்புப் பாடல் என்று தூக்கிவைப்பது மிகை. ஆனாலும் சொல் தவறிய மச்சானை முகத்துக்கு நேரே, பெயர் சொல்லாமல், ஊருக்கே விளங்கும்படி கேட்கிற துணிவு அதில் உண்டு. பாட்டே மார்க்கத்துக்கு ஆகாது என்ற வாதம் வலுத்த பிறகு பெண்களின் அந்தக் குரல் ஒடுங்கியது. தேர்தல் மேடையின் ஒலிபெருக்கி ஒடுங்கவில்லை. இந்தப் பாரபட்சத்தை யாரும் போதுமான அளவு கேட்கவில்லை என்பது என் ஆதங்கம்.

என் தீர்ப்பு இதுதான்: ‘போராளிகளே புறப்படுங்கள்’ ஈடற்ற கட்சிப் பாட்டு, பாதி எதிர்ப்புப் பாட்டு. மற்றப் பாதியை எழுதத் தகுந்த வடிவம் கவிதான். மச்சானைக் கேட்ட பெண்ணுக்கு, வாக்கு வாங்கிப் போன உறுப்பினரைக் கேட்பது புதிய வேலையல்ல.