டிரம்ஸ் வாசிப்பது யார்?

திண்டிவனத்தில் சாலை மூன்றாகப் பிரிகிறது. மேற்கே செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை, தென்கிழக்கே புதுச்சேரி, தெற்கே விழுப்புரம் தாண்டித் திருச்சி. இந்தப் பக்கத்து ஆட்களின் காதுக்கு இசையும் இப்படித்தான் பல திசைகளிலிருந்து வந்து சேர்ந்தது. செஞ்சிப் பக்கமிருந்து கூத்தும் பம்பையும், சென்னையிலிருந்து சினிமாப் பாட்டு, புதுச்சேரிப் பக்கமிருந்து கிட்டார். ராக் இசையைப் பற்றித் தமிழில் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சிறு நகரங்களில் கேசட் பதிவுக் கடைகள் இருந்தன. கோடு போட்ட தாளில் பாட்டு வரிசையை எழுதி, 60 நிமிடமோ 90 நிமிடமோ ஓடும் கேசட்டோடு கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். தொண்ணூறுகளில் கடை வாசலில் நின்று பேசுகிறவர்களுக்குள் நடந்த வாதம் பெரும்பாலும் ராஜாவா ரகுமானா என்பதுதான். சென்னையில் படிக்கப் போய் விடுமுறைக்கு வந்த யாராவது பிங்க் ஃபிளாய்டு, டீப் பர்ப்பிள் என்று ஏதாவது ஒரு ராக் குழுவின் பாட்டைக் கொண்டுவந்து போட்டால் வாதம் சற்று நிற்கும். முடிந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இதுக்கு மியூசிக் யாரு?"

அந்தக் கேள்விக்கு ராக் குழுவில் ஒற்றைப் பதில் கிடையாது. நம் ரசனையும் ராக் இசையும் முட்டிக்கொள்ளும் இடமாக நான் இதைத்தான் பார்க்கிறேன். சினிமாப் பாட்டில் இசையமைப்பாளர் ஒருவர் இருக்கிறார். மற்றவர்கள் அவருக்கு வாசிக்கிறார்கள். ராக் குழுவில் நாலு பேர் சேர்ந்து பாட்டைக் கட்டுகிறார்கள். அந்த நால்வரில் ஒருவர் போனாலும் ஒலி மாறிவிடும். லெட் செப்பலின் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹம் 1980 செப்டம்பர் 25 அன்று இறந்தார். உலகின் மிகப் பெரிய குழுக்களில் ஒன்று அது. வேறொரு டிரம்ஸ்காரரை வைத்துத் தொடர்ந்திருந்தால் பணம் கொட்டியிருக்கும். அந்த டிசம்பரிலேயே இனி இந்தக் குழு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். எனக்கு மிகப் பிடித்த குழு எது என்று கேட்டால் தயங்காமல் லெட் செப்பலின் என்பேன். அதற்கு இந்த முடிவும் ஒரு காரணம்.

இப்போது நம் பக்கம் வருவோம். இளையராஜாவின் பாடல்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடுகிறவர்கள் நம்மிடம் உண்டு. அந்தப் பாடல்களில் டிரம்ஸ் வாசித்தவர் புருஷோத்தமன், கிட்டார் சதானந்தம், பேஸ் கிட்டார் சசிதரன், கீபோர்டு விஜி மானுவல் என்பதை அவர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்? இந்த நால்வரும் வேறு நாட்டில் இருந்திருந்தால் ஒரு குழுவாக அறியப்பட்டிருப்பார்கள் என்பது என் உறுதியான கருத்து. எண்பதுகளின் பாட்டு ஒன்றை எடுத்து, குரலை மறந்துவிட்டு பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஓடுவது தெரியும்.

தமிழில் குழுக்கள் பிறக்காமல் இல்லை. பிறந்தவர்களைச் சினிமா தனித்தனியாக எடுத்துக்கொண்டது. ஏ.ஆர். ரகுமான் இளவயதில் ரூட்ஸ், நெமிசிஸ் அவென்யூ ஆகிய குழுக்களில் இருந்தவர். அனிருத்தும் பள்ளிக் காலத்தில் ஒரு குழுவில் இருந்தார். ரகுமான் நடுவராக இருந்த தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற குழுக்களில் அதுவும் ஒன்று. இன்று படத்தின் தலைப்பு அட்டையில் அனிருத் பெயருக்கு முன்னால் 'ராக்ஸ்டார்' என்று வருகிறது. ராக் என்ற சொல் தமிழில் தனியொருவரின் பட்டமாகிவிட்டது. குழுவையே கதையாக வைத்த 'நினைத்தாலே இனிக்கும்' 1979இல் வந்தது, 'பாய்ஸ்' 2003இல் வந்தது. இரண்டிலும் திரையில் குழு இருந்தது. நாம் நினைவில் வைத்திருப்பது எம்.எஸ். விஸ்வநாதனையும் ரகுமானையும்.

சினிமாவின் பிடி தளர்ந்த இடங்களில் நிலைமை வேறு. இலங்கையில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப் இசை என்ற பெயரில் படம் எதையும் நம்பாத தமிழ்ப் பாட்டை வளர்த்தார்கள். மலேசியாவில் பினாங்கு நகரத்து ஆறுமுகம் சகோதரர்கள், லோகநாதனும் டேவிட்டும், அல்லிகேட்ஸ் குழுவில் மலாய் மொழியில் பாடி அந்த நாடு முழுவதும் புகழ்பெற்றார்கள். சிங்கப்பூரில் இந்திய வம்சாவளி இளைஞர்கள் 1992இல் தொடங்கிய ருத்ரா, மெட்டல் இசைக்குள் வேதாந்தத்தைக் கொண்டுபோனது. பக்கத்துக் கேரளத்தில் அவியல் குழு 2008இல் மலையாளத்திலேயே முழு ஆல்பம் வெளியிட்டது. அந்த ஆல்பத்தை முதலில் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. சென்னையில் அப்போது கல்லூரி விழா மேடைகளில் ராக் கேட்டது. ஐஐடியின் சாரங் விழாவுக்கு 2009இல் ஸ்வீடனின் ஓபெத் குழுவே வந்து வாசித்தது. ஆனால் அந்த மேடைகளில் ஏறிய நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில்தான் பாடினார்கள்.

ராக் நம் காதுக்கு அந்நியம் என்று பெரியவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. அவர்கள் குறையாகச் சொல்வது அந்தக் கிட்டாரின் கரகரப்பை. 1964இல் இங்கிலாந்தின் கின்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் தன் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பை பிளேடால் கிழித்துவிட்டு வாசித்தார். அந்தக் கிழிசலின் அதிர்வே கரகரப்பாக வந்தது. நம் ஊர்க் கல்யாண வீட்டுப் புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில், விடிகாலையில், தாங்கும் அளவுக்கு மேல் சத்தம் வைத்துப் போட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கரகரத்த ஒலியில் அழுதிருக்கிறோம், ஆடியிருக்கிறோம். ஒலி எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கருவியின் உடம்பிலேயே கைவைத்து மாற்றுவதும் நமக்குப் புதிதல்ல. வைக்கோலைக் கொளுத்திப் பறையின் தோலைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும் என்று மறுபடி தீயில் காட்டுகிறவரின் காது அந்த இங்கிலாந்துக்காரரின் காதுக்குக் குறைந்தது இல்லை.

அந்தக் காதை மேடையின் நடுவில் வைத்தது தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். இயக்குநர் பா. ரஞ்சித்தின் முன்னெடுப்பில், இசையமைப்பாளர் டென்மாவோடு, 19 பேர் சேர்ந்த இந்தக் குழு 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதல் மேடை ஏறியது. அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து வந்த பெயர் அது. எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், பறையும் சட்டியும் கட்டமோளமும் மறுபக்கம், நடுவில் கானா பாடகர்களும் ராப் பாடகர்களும். இசைவாணி, அறிவு என்று ஒவ்வொருவர் பெயரும் வெளியே தெரிந்தது. தமிழில் ராக் குழு என்று நான் முழுமனதோடு சொல்வது இதைத்தான். கானாவின் ஆறெட்டுத் தாளத்தின் மேல் கிட்டார் ஏறும்போது எந்த ஒட்டும் தெரிவதில்லை. சாவுக்கு மட்டும் வா என்று ஒதுக்கப்பட்ட பறை, கேட்பதற்கென்றே ஆயிரக்கணக்கானோர் கூடிய இடத்தில் முன்னால் நின்றது. பறையைச் சாதித் தொழிலாகச் சுமத்தியதால் அதைத் தொட மாட்டோம் என்று சொன்ன இளைஞர்கள் விழுப்புரம் மாவட்டத்திலும் உண்டு. அவர்களின் மறுப்பும் இந்த மேடையும் ஒரே கோபத்திலிருந்து வந்தவை.

விழுப்புரம் மாவட்டத்துக்குள் கிட்டார் புழங்கும் இடம் ஒன்று உண்டு. 1968இல் தொடங்கிய ஆரோவில்லின் பெரும்பகுதி வானூர் வட்டத்தில்தான் இருக்கிறது. பல நாட்டுக்காரர்கள் அங்கே சேர்ந்து வாசிக்கிறார்கள். 2003 முதல் இயங்கும் ஸ்வரம் பட்டறையில் சுற்று வட்டாரக் கிராமத்து இளைஞர்கள் இசைக்கருவி செய்கிறார்கள். ஆனால் ஆரோவில்லின் மரங்களுக்குள் நடக்கும் கச்சேரிகள் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் பேச்சாக மாறி நான் கேட்டதில்லை. பெரிய இழப்பு இது, இரண்டு பக்கத்துக்கும்.

குழுவைப் பற்றிப் பேசும் பேச்சு உண்மையில் இந்த மண்ணில் எப்போதும் இருந்திருக்கிறது. செஞ்சி வட்டாரத்தில் தெருக்கூத்துக் குழுவை ஜமா என்பார்கள். பாரதக் கூத்து முடிந்த மறுநாள் டீக்கடைக்குப் போனால் கேட்கலாம்: அந்த ஜமாவில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் நன்றாக ஆடினார், ஆனால் முகவீணைக்காரர் மாறிப்போய்விட்டார், பழைய ஆள் இருந்திருந்தால் விடியற்காலைக் காட்சி இன்னும் ஏறியிருக்கும், மத்தளம் பரவாயில்லை, பின்பாட்டு சரியில்லை. யார் போனார், யார் வந்தார், யாருக்குள் சண்டை, அதனால் ஒலி எப்படி மாறியது. உலகத்தில் ராக் ரசிகர்கள் விடிய விடியப் பேசுவதும் இதே பேச்சுதான். தமிழில் ராக் பற்றி எழுத நினைப்பவர்கள் இங்கிலாந்துப் பத்திரிகைகளைப் புரட்டும் முன் இந்த டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.

அந்தப் பேச்சு குறைந்துவருகிறது. திருவிழாக்களுக்கு இப்போது செண்டை மேளமும் நாசிக் டோலும் வெளியூரிலிருந்து வருகின்றன. சத்தம் அதிகம், ஒரே மாதிரிச் சட்டை, வாசிப்பவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்தன்று பம்பையும் சிலம்பும் ஒலிக்கின்றன. இரண்டு முழவுகளைச் சேர்த்துக் கட்டி இடுப்பில் தொங்கவிட்டு ஒருவர் அடிக்கிறார், இன்னொருவர் சிலம்பை உருட்டுகிறார், மூன்றாமவர் குரலெடுக்கிறார். மூன்றே பேர். நான் நேரில் கேட்டவற்றில் ராக்கின் வேகத்துக்கு மிக நெருங்கியது அதுதான்.

அடுத்த அமாவாசைக்கு அங்கே போகிறவர்கள் அவர்கள் மூவரின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.