மரையை அழிக்கலாமா?

இங்கிலாந்தில் 1953-இல் வெளிவந்த டிரையம்ஃப் டி.ஆர்.2 தொடங்கி டி.ஆர்.4ஏ வரையிலான வண்டிகளின் நான்கு சிலிண்டர் என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கும் போதெல்லாம், கிராங்க்ஷாப்டின் பின்முனையில் ஆலையிலேயே வெட்டி வைத்த மரையைக் கிரைண்டிங்கில் தேய்த்து அழித்துவிட்டு, அவ்விடத்தில் ரப்பர் ஆயில் சீலைப் பொருத்துவது ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. அதன் குணதோஷங்களைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியம்.

மூல ஏற்பாடு எளிமையானது, ஆயினும் நுட்பமானது. இரண்டு அரைவட்ட அலுமினியத் துண்டுகளாலான கூட்டுக்குள் எங்கும் உரசாமல் சுழலும் அந்த மரை, பின்பக்க பேரிங்கிலிருந்து வழிந்து வரும் எண்ணெயைத் தன் சுழற்சியின் பலத்தாலேயே உள்ளே திருப்பிவிடுகிறது. உரசல் இல்லை; ஆதலால் தேய்மானமும் இல்லை. ஆனால் என்ஜின் நின்ற கணமே மரையின் வேலையும் நின்றுவிடுவதால், தங்கிய எண்ணெய் ஓரிரு சொட்டாகக் கசிவது அதன் சுபாவம். மேட்டில் முகப்பை உயர்த்தி நிறுத்திய வண்டியில் இது இன்னும் அதிகம்.

இந்தக் குறையை ரப்பர் சீல் பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. கிளட்ச் தட்டு எண்ணெயில் நனைந்து வழுக்கும் தொல்லையும் ஒழிகிறது. 1967-இல் டி.ஆர்.5 வண்டிக்கு ஆறு சிலிண்டர் என்ஜின் வந்தபோது அதே கம்பெனியார் அதன் பின்முனையில் ரப்பர் சீலையே வைத்தார்கள் என்பதால், இம்மாற்றத்தை மரபுக்கு விரோதமானது என்று கண்டிப்பதும் நியாயமாகாது.

என் ஆட்சேபம் வேறு. பெல் ஹவுசிங்கின் அடியில் எண்ணெயைக் கண்டவுடனே மரையின் மீது குற்றம் சாட்டுகிறார்களே, அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று எத்தனை பேர் பரிசோதிக்கிறார்கள்? வால்வு மூடியின் கேஸ்கட்டிலிருந்து என்ஜினின் முதுகு வழியே இறங்கியிருக்கலாம்; கேம்ஷாப்டின் பின்புற அடைப்பிலிருந்தோ சம்ப் கேஸ்கட்டிலிருந்தோ வந்திருக்கலாம்; கியர்பாக்ஸிலிருந்து வந்ததாயின் அதன் காட்டமான வாடையே காட்டிக்கொடுக்கும். பின்பக்க பேரிங் கேப்பின் இருபுறமும் உள்ள சந்துகளும் கசியக்கூடியவை; அவற்றில் ஒட்டுபசையில் தோய்த்த கம்பளித் துண்டுகளைத் தட்டித் தட்டி, இனி இடமில்லை என்னும்வரை இறுக்கி அடைத்து, மிஞ்சியதைக் கத்தியால் சமமாக வெட்டிவிட வேண்டும். அவசரத்தில் அரைகுறையாக அடைத்தவருக்கு எந்தச் சீலும் உதவாது. பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து எரிந்த வாயு கீழே இறங்கி, ப்ரீதர் குழாயும் அடைத்துக்கொண்டால், உள்ளே ஏறும் அழுத்தம் மரையையும் வெல்லும், ரப்பரையும் வெல்லும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மையம். மரைக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கே. அதைச் சுற்றிலும் சமமாக அமைக்க, ஷாப்டின் ஸ்தானத்தில் மாண்ட்ரல் என்னும் அளவு உருளையை வைத்து, அதைத் தழுவுமாறு அரைவட்டங்களை இருத்தி போல்ட்டுகளை முறுக்க வேண்டும். கண்மதிப்பில் முறுக்கியவரின் என்ஜினில் ஒருபுறம் உரசும், மறுபுறம் வாய் திறந்து நிற்கும். இங்கேதான் நவீன உபாயத்தின் பலவீனமும் வெளிப்படுகிறது: ரப்பர் சீலின் கூடும் அதே மையத்தையே கேட்கிறது. மூல ஏற்பாட்டை அளந்து பொருத்தும் பொறுமையில்லாதவர், மாற்று ஏற்பாட்டை மட்டும் செவ்வையாகப் பொருத்திவிடுவார் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

அன்றியும், ஷாப்டின் பின்முனை விளிம்பு அகலமானதால் முழு வளையம் அதைத் தாண்டி ஏறாது. ஆகவே பெரும்பாலும் ஓரிடத்தில் வெட்டி இணைக்கும் சீலே பயன்படுகிறது. அந்த இணைப்பு பேரிங் கேப்பின் பிரிகோட்டோடு ஒன்றிவிட்டால் அங்கேயே கசியும். ஓடும் இடமும் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்க வேண்டும். கிரைண்டிங் கல் பக்கவாட்டில் நகர்ந்து விட்டுச்சென்ற சுருள்கோடு ஒன்றிருந்தால், அதுவே ஒரு நுண்மரையாகி எண்ணெயை வெளியே இழுக்கக்கூடும். அழித்த மரையோ திரும்பி வராது.

ஆகவே பேரிங் உருகியோ கூடு உரசியோ மரை சிதைந்துபோன ஷாப்டுக்கு மட்டுமே இம்மாற்றத்தை நான் சிபாரிசு செய்வேன். மரை நன்றாக உள்ள ஷாப்டில், கிரைண்டிங் கடைக்கு அனுப்புவதற்கு முன், கூட்டைப் புதிதாக வாங்கி மாண்ட்ரலில் வைத்து மையப்படுத்தி, பிறகு ஷாப்டை இருத்தி இடைவெளியை ஃபீலர் கேஜால் நாற்புறமும் அளந்து பார்த்துவிடுவதே முறை.