காடேகிய எழுவர்

எழுத்துக்கு அஞ்சி எழுவர் காடேகினர்! கரடியைக் கண்டு கலங்காதவர், கடுங்குளிரைக் கருதாதவர், சீறிவந்த காளைக் கூட்டத்தைச் சாய்த்தவர், அரிச்சுவடி ஏட்டின் முன்னே அடங்கி ஒடுங்கி, முடிவில் சன்னலை உடைத்துக்கொண்டு ஓடினர். பின்லாந்து மொழியின் முதற்பெரும் நாவலான 'ஏழு சகோதரர்கள்' கூறும் கதை இது. அலெக்சிஸ் கிவி எழுதி 1870இல் வெளிவந்தது. பின்லாந்து ஆசிரியர்களின் புகழை இன்று உலகம் பாடுகிறது. அந்தப் புகழின் வேரைக் காண விழைவோர் கல்வித்துறை அறிக்கைகளுக்கு முன்னே இந்த நாவலைப் படிக்கவேண்டும் என்பேன்.

யுக்கோலாப் பண்ணையின் எழுவர் ஏன் படிக்கப் போனார்கள்? அறிவு வேட்கையாலா? இல்லை. 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் வகுத்த வழி அப்படி. வேதப் பாடத்தை வாசிக்கத் தெரியாதவனுக்குச் சபையில் உறுதிப்பூசுதல் இல்லை. அஃதின்றேல் திருமணமும் இல்லை. வாசிப்பு என்பது விளக்கன்று, வாயிற்காவலன்! கற்பித்தவனோ கோயில் எழுத்தன். அவன் அறிந்த கல்விமுறை மூலையில் நிறுத்துவதும், மயிரைப் பற்றி இழுப்பதும், பட்டினி போடுவதும்.

அந்தப் பள்ளிக் காட்சியில் கிவியின் கை ஓங்கி நிற்கிறது. நம்மை நகைக்க வைக்கிறார். நகைத்த வாய் மூடுமுன் நெஞ்சில் தைக்கிறார். மலையொத்த தோளன், மூத்தவன் யுஹானி, எழுத்து ஏறாதபோது எழுத்தனை நோவதில்லை. தன் மண்டையை நோகிறான்! தன் மண்டை கடினமாக அமைந்துவிட்டதே என்று கலங்குகிறான். கொடிய ஆசிரியன் செய்யும் கேட்டினுள் பெருங்கேடு இதுவே. அடியின் தழும்பு ஆறிவிடும். "நான் அறிவிலி" என்று மாணவன் தனக்குத்தானே எழுதிக்கொண்ட தீர்ப்பு ஆறாது. ஆசிரியத் தொழிலில் இருப்பவன் நான். கடைசி வரிசையில் அந்தத் தீர்ப்பைச் சுமந்து அமர்ந்திருக்கும் பிள்ளைகளை நாள்தோறும் காண்கிறேன். ஆகவே இந்தப் பக்கங்களை என்னால் விரைந்து புரட்ட முடியவில்லை.

பின்னர் என்ன நிகழ்கிறது? காட்டுவாழ்வில் பசியும் தீயும் பல பாடம் புகட்டிய பின், எழுவரும் தாமாகவே படிக்க முடிவு செய்கின்றனர். இளையவன் ஏரோ முதலில் கற்றுத் தேர்கிறான், அண்ணன்மாருக்கு ஆசானாகிறான். சிறியவன் கற்பிக்க, பெரியவர்கள் வியர்வை சிந்திக் கற்கின்றனர். ஏரோவும் குத்தல் பேச்சுக்காரன்தான். யுஹானியின் முட்டி அவன்மீது பாயத் துடிக்கிறது. ஆனால் இங்கே எவனும் ஓடவில்லை. மாணவர் அவரே, மண்டை அதுவே, எழுத்தும் அதுவே. அச்சம் மட்டும் அகன்றது, படிப்பு வந்தது. கட்டுரைகள் பல சொல்லும் கல்விக் கோட்பாட்டைக் கிவி கதையாக்கிக் காட்டிவிட்டார்.

இந்நூலை நாடு எப்படி வரவேற்றது? ஆளும் வகுப்பார் சுவீடிய மொழியில் பேசிய நாட்டில், சிற்றூர்த் தையற்காரர் மகன் மக்கள் மொழியில் எழுதினான். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தின் பின்னியமொழிப் பேராசிரியர் ஆகஸ்ட் ஆல்க்விஸ்ட் சீறிப் பாய்ந்தார். பின்னியமொழிக்குத் தொண்டாற்றியவர், அந்த மொழியில் பிறந்த முதற்பெரும் நாவலை இழித்துரைத்தார், அதுவும் சுவீடிய ஏட்டில்! மக்களை முரடராகக் காட்டினான் என்பது குற்றச்சாட்டு. பேராசிரியரும் கோயில் எழுத்தனின் வழியே சென்றார் என்றுதான் சொல்லவேண்டும். நோயும் வறுமையும் வாட்ட, 1872இன் கடைசி நாளில், 38ஆம் வயதில், கிவி மறைந்தார்.

கதையில் ஏரோ செய்ததை நாட்டில் செய்ய முனைந்தவர் ஊனோ சிக்னேயஸ். 1863இல் யுவாஸ்கூலா நகரில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நூலோடு கைத்தொழிலையும் பாடமாக்கினார். 1866இல் மக்கள் பள்ளிச் சட்டம் வந்தது. 1921இல் கட்டாயக் கல்வி வந்தது. பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் விலையில்லா உணவு 1948 முதல் நடைமுறையாயிற்று. ஆயினும் பதினோரு வயதளவில் பிள்ளைகளை இரு கூறாக்கி, சிலரை உயர்பள்ளிக்கும் பலரை உழைப்புக்கும் அனுப்பும் வழக்கம் நீடித்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சுவரை இடித்தது. 1972இல் வடகோடி லாப்லாந்தில் தொடங்கிய பொதுப்பள்ளி, 1977க்குள் தெற்கை எட்டியது. 1979 முதல் வகுப்பாசிரியருக்கும் முதுகலைப் பட்டம் வேண்டும் என்றாயிற்று. 1990களின் தொடக்கத்தில் ஆய்வாளர் ஆட்சி அகன்றது. நூலைத் தேர்வதும் முறையை வகுப்பதும் ஆசிரியரின் உரிமையாயின. பின்தங்கும் பிள்ளையைத் தேர்வில் தோற்கும்வரை காத்திராமல், தடுமாறும் நாளிலேயே தனித்துணை தருவது அங்கே பள்ளியின் அன்றாடக் கடமை. யுஹானிகளுக்காகவே வகுத்த ஏற்பாடு அது!

"அது பின்னியரின் பிறவிக்குணம்" என்பார் உளர். பிறவிக்குணமாயின் சன்னல் ஏன் உடைந்தது? அது சட்டத்தாலும் பயிற்சியாலும் வந்தது. வந்தது தேயவும் கூடும். பன்னாட்டு பீசாத் தேர்வில் 2000இல் 546ஆக இருந்த அந்நாட்டு வாசிப்புப் புள்ளி 2022இல் 490ஆக இறங்கிற்று. போற்றுவோர் இதை மறைக்க வேண்டியதில்லை.

நாவலிலும் குறையுண்டு. முரண்டிய எழுவரும் முடிவில் சபைக்கும் ஊருக்கும் இணங்கிய நற்குடிகளாகிவிடுகின்றனர்; முதற்பாதியின் கனல் கடைசிப் பக்கங்களில் கணப்படுப்பாகச் சுருங்குகிறது. பெண்களுக்குக் கிவி தந்த இடமோ இன்னும் குறுகியது. மணம் கேட்டு வந்த சகோதரர்களை நகைத்து அனுப்பும் வென்லாவைத் தவிர, மணமகளிர் பலர் கடைசி இயலில் வந்து அடுப்படியில் அமர்கின்றனர். நூல் வெளிவருவதற்கு ஏழாண்டு முன்னரே, யுவாஸ்கூலாவில் பெண்கள் ஆசிரியராகப் பயிற்சி பெறத் தொடங்கியிருந்தனர்.