கணக்கில் வராத சோதனைகள்

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் 1791 இல் சேர்க்கப்பட்ட நான்காவது திருத்தம், மக்களின் உடலையும் வீட்டையும் உடைமைகளையும் அரசு நியாயமின்றிச் சோதிப்பதையும் பறிமுதல் செய்வதையும் தடை செய்கிறது. ஒருவரைக் கைது செய்ய வேண்டுமானால், அவர் குற்றம் செய்திருக்கிறார் என்று நம்பத்தக்க போதிய முகாந்திரம் காவலரிடம் இருக்க வேண்டும் என்பது அத்திருத்தத்தை ஒட்டி வளர்ந்த நெடுநாளைய விதி. அந்த முகாந்திரத்தின் அளவை எட்டாத, ஆயினும் வெறும் ஊகமென்று தள்ளிவிடவும் முடியாத ஓர் இடைநிலையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1968 இல் டெரி எதிர் ஒஹாயோ வழக்கில் ஏற்றுக்கொண்டது. நியாயமான ஐயம் என்று பெயர் பெற்றுவிட்ட இந்த அளவுகோலின்படி, குறிப்பிட்டுச் சொல்லக்கூடிய காரணங்களால் ஒருவர்மீது ஐயம் எழுமானால் காவலர் அவரைச் சிறிது நேரம் நிறுத்தி விசாரிக்கலாம். அவரிடம் ஆயுதம் இருக்கக்கூடும் என்று கருதத் தனியே காரணம் இருந்தால், ஆடையின் மேற்புறத்தைத் தடவிப் பார்க்கலாம். அளவுகோல் மிகத் தாழ்ந்திருக்கிறது என்பதே இதன்மீது வழக்கமாகச் சொல்லப்படும் குறை. அதனினும் ஆழமான குறை, பொய்த்துப்போன ஐயங்கள் நீதிமன்றத்தின் கண்ணில் படாமலே போகும்படி இம்முறை அமைந்திருப்பதுதான்.

டெரி வழக்கின் நிகழ்ச்சி 1963 அக்டோபரில் கிளீவ்லாந்து நகரின் கடைத்தெருவில் நடந்தது. மார்ட்டின் மெக்ஃபேடன் என்ற துப்பறியும் காவலர், இருவர் மாறி மாறி ஒரே கடையின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துத் திரும்புவதையும், இடையிடையே கூடிப் பேசுவதையும், மூன்றாமவர் ஒருவர் வந்து அவர்களுடன் பேசிச் செல்வதையும் கவனித்து, கொள்ளைக்கு நோட்டம் பார்க்கிறார்கள் என்று முடிவுசெய்தார். அவர்களைத் தடுத்து மேலாடையைத் தடவியபோது இருவரிடம் கைத்துப்பாக்கிகள் இருந்தன. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியில் பழுத்த ஒருவரின் பொறுமையான கவனிப்பு அது. கண்டவற்றை ஒவ்வொன்றாக நீதிமன்றத்தில் அவரால் எடுத்துரைக்கவும் முடிந்தது. நியாயமான ஐயத்துக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடைப்பது அரிது. அந்த அருமையே பின்னாளில் சிக்கலாயிற்று.

தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் வலிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தெருவில் ஆட்களைத் தடுத்து நிறுத்துவது கைது ஆகாது என்பதால் நான்காவது திருத்தம் அதற்குப் பொருந்தவே பொருந்தாது என்று காவல்துறையின் தரப்பில் வாதிடப்பட்டது. அவ்வாதத்தை ஏற்றிருந்தால், கைதுக்கு முந்தைய எந்தத் தலையீடும் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நின்றிருக்கும். வாரன் அதை மறுத்து, காவலரின் உள்ளுணர்வு மட்டும் போதாது, உண்மைகளைச் சுட்டிக் காட்ட வேண்டும் என்றும், சோதனையின் எல்லை அதன் நோக்கத்தைத் தாண்டக் கூடாது என்றும் விதித்தார். மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய ஒரே நீதிபதியான வில்லியம் டக்ளஸோ, சோதனைக்கு ஆணை பிறப்பிக்கும் நீதிபதிக்கே இல்லாத அதிகாரம் இதனால் காவலர் கைக்குப் போகிறது என்று கண்டித்தார்.

வாரனின் தீர்ப்பிலேயே ஓர் ஒப்புதல் இருக்கிறது. சட்டவிரோதச் சோதனையில் கிடைத்த பொருளை வழக்கில் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்ற விலக்கு விதிதான் காவலரைக் கட்டுப்படுத்தும் முதன்மைக் கருவி. வழக்குத் தொடரும் எண்ணமே இல்லாமல், சிறுபான்மையினரை, குறிப்பாகக் கறுப்பின மக்களை அலைக்கழிப்பதற்காகவே செய்யப்படும் சோதனைகளை இந்த விதியால் தடுக்க முடியாது என்று வாரன் வெளிப்படையாக எழுதினார். பொருள் அகப்பட்டால்தான் வழக்கு வரும். வழக்கு வந்தால்தான் நீதிபதி ஐயத்தின் நியாயத்தை எடைபோடுவார். அப்போதும் அவர் முன் நிற்பவர், துப்பாக்கியோ போதைப்பொருளோ வைத்திருந்து பிடிபட்டவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். ஒன்றும் கிடைக்காமல் விடப்பட்டவர் வீடு போய்ச் சேர்வாரே தவிர நீதிமன்றப் படி ஏறுவதில்லை. இப்படி, பலித்த ஐயங்களையே தொடர்ந்து பார்த்துவரும் நீதிமன்றத்துக்குக் காவலரின் ஊகம் உள்ளதைவிடக் கூர்மையானதாகத் தோன்றுவது இயல்பு.

அதன் விளைவை 1989 இல் தீர்ப்பான சோகோலோ வழக்கில் காணலாம். ஹொனலூலுவிலிருந்து மயாமிக்குச் சென்று அங்கு 48 மணி நேரம் மட்டுமே தங்கித் திரும்பியவர், பயணச்சீட்டுக்கு 2,100 டாலரை இருபது டாலர் நோட்டுகளாகக் கொடுத்தவர், பெட்டிகளைச் சரக்குப் பகுதியில் ஒப்படைக்காதவர் என்ற காரணங்கள் சேர்ந்து நியாயமான ஐயம் ஆகின்றன என்று பெரும்பான்மை கூறியது. அவரிடம் கொக்கெய்ன் இருந்தது. எனினும் நீதிபதி தர்குட் மார்ஷல் தம் மாறுபட்ட தீர்ப்பில், போதைப்பொருள் கடத்துவோரின் அடையாளங்கள் என்று முந்தைய வழக்குகளில் சொல்லப்பட்டவற்றைத் தொகுத்துக் காட்டினார். விமானத்திலிருந்து முதலில் இறங்கியதும் அடையாளம், கடைசியில் இறங்கியதும் அடையாளம், நடுவில் இறங்கியதும் அடையாளம். தனியே பயணம் செய்ததும் துணையோடு செய்ததும், பதறியதும் அளவுக்கு மீறி அமைதியாக இருந்ததும் அவ்வாறே. எந்த நடத்தையையும் ஐயத்துக்குரியதாக்கிவிடும் பட்டியல் யாரையும் காப்பாற்றாது என்ற அவருடைய கருத்துக்கு இன்றுவரை தக்க மறுமொழி வரவில்லை.

பொய்த்த ஐயங்களின் முழுக்கணக்கும் நீதிமன்றத்தின் முன் வந்த அரிய தருணம், ஃபிளாய்டு எதிர் நியூயார்க் நகரம் என்ற வழக்கு. அது குற்றவழக்கு அன்று. தடுத்து நிறுத்தப்பட்டவர்களே தொடுத்த உரிமையியல் வழக்கு. காவலர்கள் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிரப்பிய படிவங்கள் அதில் சாட்சியமாயின. 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை 44 லட்சம் நிறுத்தங்கள். அவற்றில் பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றில் ஆயுதத்துக்காக உடல் தடவப்பட்டது. அப்படித் தடவிப் பார்த்தவற்றில் ஆயுதம் கிடைத்தது 1.5 விழுக்காட்டில் மட்டுமே. நிறுத்தப்பட்டவர்களில் 88 விழுக்காட்டினர்மீது கைதோ அழைப்பாணையோ எதுவுமில்லை. நகர மக்களில் பாதியளவே இருந்த கறுப்பினத்தாரும் ஹிஸ்பானியரும் நிறுத்தப்பட்டவர்களில் 83 விழுக்காடாக இருந்தார்கள். ஆயுதம் அகப்பட்ட விகிதமோ வெள்ளையரிடமே சற்றுக் கூடுதல். கள்ளத்தனமான அசைவு, குற்றம் மிகுந்த பகுதி என்று அச்சிடப்பட்ட கட்டங்களில் குறியிட்டாலே காரணம் சொன்னதாகிவிடும் நிலையில், மெக்ஃபேடனின் நெடுநேரக் கவனிப்பு ஒரு பேனாக் கீறலாகச் சுருங்கியது. நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் 2013 ஆகஸ்டில் இந்நடைமுறை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். நடுநிலை குறித்த கேள்வியால் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை அவ்வழக்கிலிருந்து விலக்கியது. ஆயினும் புதிய நகர நிர்வாகம் மேல்முறையீட்டைக் கைவிட்டதால் தீர்ப்பு நிலைத்தது.

இந்நடைமுறை உயிர்களைக் காத்தது என்பது அதை ஆதரித்தோரின் முதன்மை வாதம். கொலைக்குப் பலியானவர்களிலும் பெரும்பாலோர் கறுப்பினத்தாரும் ஹிஸ்பானியருமே என்பதால் அதைப் புறக்கணிக்க இயலாது. ஆனால் 2011 இல் ஆறு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டிய நிறுத்தங்கள் 2014 இல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே இறங்கிய பின்னும், 2011 இல் 515 ஆக இருந்த கொலைகள் 2017 இல் முந்நூறுக்கும் கீழே குறைந்தன. நிறுத்தங்கள் குறைந்ததால்தான் கொலைகள் குறைந்தன என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. நிறுத்தங்கள் குறைந்தால் நகரம் சீரழியும் என்ற அச்சுறுத்தலை மட்டும் இது தகர்க்கிறது.

ஐயம் பாகுபாட்டுக்கு இடம் தருகிறது என்றால், ஐயமே தேவையில்லாமல் எல்லாரையும் ஒன்றுபோலச் சோதிக்கலாமே என்ற எண்ணம் எழலாம். பள்ளிகளில் போதைப்பொருளுக்கான சிறுநீர்ச் சோதனை அவ்வழியில்தான் ஏற்கப்பட்டது. 1995 இல் ஆரிகன் மாநில வழக்கொன்றில் விளையாட்டு வீரர்களான மாணவர்களுக்கும், 2002 இல் ஓக்லஹோமா வழக்கொன்றில் பாடற்குழு உட்பட எந்தப் போட்டிச் செயல்பாட்டில் சேர்ந்தவர்களுக்கும் இச்சோதனை செல்லும் என்றாயிற்று. ஐயத்தின்பேரில் ஒருவரைத் தனித்துச் சோதித்தால் அவருக்கு இழிவு நேரும் என்பது பெரும்பான்மையின் வாதங்களுள் ஒன்று. அதில் உண்மை உண்டு. ஆயினும் ஒருவருக்கு நேரும் இழிவை எல்லாருக்கும் பகிர்ந்தளிப்பதால் அது நீங்கிவிடுவதில்லை. காரணம் கேட்கும் உரிமையும் கூடவே போய்விடுகிறது. பாடற்குழுவில் சேர விரும்புகிற பிள்ளையைச் சிறுநீர் கொடுக்கச் சொல்வதற்கு இவ்வளவு மெலிந்த காரணம் போதும் என்றது வருந்தத்தக்க தீர்ப்பு.

ஒன்றும் கிடைக்காத சோதனை உச்ச நீதிமன்றத்தை எட்டியபோது எல்லை தெளிவாக வரையப்பட்டதும் உண்டு. அரிசோனாவில் வலி மாத்திரை வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட 13 வயது மாணவியின் உள்ளாடை வரை பள்ளி ஊழியர்கள் சோதித்தார்கள். பையையும் மேலாடையையும் பார்க்க ஐயம் போதும், அதற்குமேல் போகப் போதாது என்று 2009 இல் எட்டு நீதிபதிகள் கூறினார்கள். ஆயினும் சட்டம் அதுவரை தெளிவாக இல்லை என்ற காரணத்தால் ஊழியர்கள் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள்.

எனவே ஐயத்தின் அளவை உயர்த்துவதைக் காட்டிலும், ஒவ்வொரு நிறுத்தத்தையும் அதன் காரணத்தோடும் பயனோடும் பதிவுசெய்து வெளியிடுவதே முதலில் வேண்டியது. ஃபிளாய்டு வழக்கு வெற்றி பெற்றதே படிவங்கள் இருந்ததால்தான். ஆனால் அதன்பின் நீதிமன்றம் அமர்த்திய கண்காணிப்பாளரின் அறிக்கைகளே, பதியப்படாத நிறுத்தங்கள் தொடர்வதைச் சுட்டின. ஐயம் என்ற நிலையை எட்டாத விசாரிப்புகளையும் பதிவுசெய்ய வேண்டும் என்ற சட்டத்தை நியூயார்க் நகரமன்றம் நிறைவேற்றியபோது, காவலர் நேரம் எழுத்துவேலையில் வீணாகும் என்று மேயர் எரிக் ஆடம்ஸ் அதை நிராகரித்தார். 2024 ஜனவரியில் நகரமன்றம் அந்த நிராகரிப்பை முறியடித்துச் சட்டத்தை நிலைநாட்டியது. குடிமகனை வழிமறிக்கச் செலவிடும் நேரத்தில் சிறு பகுதியை, ஏன் மறித்தோம் என்று எழுதுவதற்கும் செலவிடச் சொல்வது காவலர்மீது சுமத்தும் மிகையான பாரம் ஆகாது.