அறுபத்தாறு எழுத்துக்குள்

தரைக்கு மேல் உயரம் 2 அடி 8 அங்குலம். அகலம் 1 அடி 3 அங்குலம். கனம் 3 அங்குலம். முதல் உலகப்போரில் மாண்ட பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அவனுடைய அரசு நட்ட கல்லின் அளவு இது. அவனுக்கு உத்தரவு போட்ட கர்னலுக்கும் இதே அளவுதான். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இந்தக் கற்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை கட்டி நிற்கும் படங்களைப் பார்த்து, எண்ணிக்கையிலேயே மலைத்துப்போய்விடுகிறோம். ரசனைக்கு மலைப்பு ஆகாது. ஒரே ஒரு கல்லை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றால்தான், இதைச் செய்தவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது பிடிபடும்.

கல் பெரும்பாலும் போர்ட்லண்ட் கல். இங்கிலாந்தின் தென்கரையில் வெட்டியெடுக்கும் வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல். கிட்டப் போய்ப் பார்த்தால் எழுத்துகளுக்கு நடுவே சிப்பித் துணுக்குகள் தென்படுவதுண்டு. மேல்விளிம்பைத் தட்டையாக விடாமல் லேசாக வளைத்திருக்கிறார்கள்; மழைநீர் தேங்காமல் வழிந்துவிடும். கல்லடியில் தாழ்ந்து வளரும் செடிகள் பார்வைக்கு அழகு என்று நினைப்போம். அவற்றுக்கு ஒரு வேலையும் உண்டு. வெறும் மண்ணாக விட்டிருந்தால் ஒவ்வொரு மழைக்கும் சேறு தெறித்துப் பெயரின் மேல் படியும். எழுத்துரு மக்டொனால்ட் கில் என்பவர் இதற்கென்றே வரைந்து கொடுத்தது. உச்சியில் படைப்பிரிவின் சின்னம். கீழே படை எண், பதவி, பெயர், இறந்த நாள், வீட்டார் தெரிவித்திருந்தால் வயது. அதற்கும் கீழே கிறிஸ்தவருக்குச் சிலுவை, யூதருக்குத் தாவீதின் நட்சத்திரம். இந்துச் சிப்பாய்க்குத் தேவநாகரியிலும் முஸ்லிமுக்கு அரபியிலும் சீக்கியருக்குக் குர்முகியிலும் இறைவன் பெயர். ‘மதச்சின்னம் வேண்டாம்’ என்று குடும்பம் எழுதிவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும்.

இந்த ஒழுங்கு சும்மா வந்துவிடவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் வண்டிப் பிரிவோடு போர்முனைக்குப் போன ஃபேபியன் வேர், புதைத்த இடங்களைக் குறித்துவைக்க ஆளில்லாததைக் கண்டு தானே குறிக்கத் தொடங்கினார். 1917-இல் அது போர்க் கல்லறை ஆணையமாக வளர்ந்தது. உடலை ஊருக்குக் கொண்டுவருவதற்கு 1915-இலேயே தடை வந்துவிட்டது. பணம் படைத்தவர் கொண்டுவந்துவிடுவார், இல்லாதவர் என்ன செய்வார் என்பதே காரணம். கல்லும் ஒரே மாதிரி என்றதும் ஊரே கொதித்தது. என் பிள்ளையின் கல்லறையில் எதை வைப்பது என்று சொல்ல அரசு யார்? மூன்று மகன்களைப் போரில் பறிகொடுத்த லேடி புளோரன்ஸ் செசில், கல்லுக்குப் பதில் சிலுவை வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோரிடம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார். 1920 மே மாதம் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. அங்கே வாசிக்கப்பட்ட கடிதங்களுள் ஒன்று எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் எழுதியது. எங்கள் பையன் லூஸ் போரில் காணாமல் போனவன், போய் நிற்பதற்கு எங்களுக்கு ஒரு கல்லறையே வாய்க்கப்போவதில்லை என்ற தொனியில் அமைந்த கடிதம். கல்லின் வடிவத்தைப் பற்றி மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சபையில் இதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? ஆணையத்தின் வாசகங்களை எழுதித் தந்தவரும் அவரே. பெயர் தெரியாதவர்களின் கற்களில் ‘கடவுள் அறிவார்’ என்ற பொருளில் இருக்கும் வரி அவர் தேர்ந்தது.

எல்லாவற்றையும் அரசே தீர்மானித்துவிட்ட அந்தக் கல்லில், கடைசி அங்குலங்களை மட்டும் வீட்டாருக்கு விட்டுக்கொடுத்தார்கள். அடியில் ஒரு வாசகம் போட்டுக்கொள்ளலாம். இடைவெளியையும் சேர்த்து 66 எழுத்து. முதலில் எழுத்துக்கு மூன்றரைப் பென்னி கட்டணம் என்றார்கள். 66 எழுத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு பவுண்டு, ஏழைத் தாய்க்கு அது பெரிய தொகை. பிறகு ‘முடிந்தால் கொடுங்கள்’ என்று தளர்த்தினார்கள். நியூசிலாந்து இந்த வாசகமே வேண்டாம் என்றுவிட்டது. ஒருவன் கல்லில் வரி இருந்து பக்கத்துக் கல்லில் இல்லாவிட்டால் சமத்துவம் எங்கே என்பது அவர்கள் வாதம். வாதம் சரிதான். ஆனாலும் அந்த நாட்டுக் கற்களின் அடிப்பகுதி எனக்கு ஏமாற்றமாகவே இருக்கிறது. வெண்பாவுக்கு அளவு இருப்பதால்தானே அதில் வித்தை காட்ட முடிகிறது!

வித்தை என்றால் இதைச் சொல்ல வேண்டும். பிரான்சில் பையோல்மோன் என்ற சிற்றூர். அங்குள்ள கல்லறையில் ஆல்பர்ட் இங்கம், மான்செஸ்டர் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த சிப்பாய். படையைவிட்டு ஓடியதாகக் குற்றம் சாட்டி, 1916 டிசம்பர் முதல் தேதி பிரிட்டிஷ் ராணுவமே அவரைச் சுட்டுக் கொன்றது. காயம்பட்டு இறந்தார் என்றுதான் குடும்பத்துக்கு முதலில் சொல்லியிருந்தார்கள். உண்மை தெரிந்ததும் தந்தை கல்லில் போடச் சொன்ன வரி ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் அது இப்படி வரும்: ‘விடியலில் சுடப்பட்டவன். படையில் முதன்முதலாகச் சேர்ந்தவர்களுள் ஒருவன். தன் தந்தைக்கு ஏற்ற மகன்.’

வரிசையைக் கவனியுங்கள். மறைக்க வேண்டியது என்று ஊர் நினைத்ததை எடுத்த எடுப்பிலேயே வைத்துவிட்டார். அடுத்தது சாட்சியம்: யாரும் கட்டாயப்படுத்தாத காலத்தில் தானே போய்ச் சேர்ந்தவன், அவனையா கோழை என்கிறீர்கள்? கோபமான ஒரு சொல்கூட இல்லை, ஒரு தகவல் அவ்வளவுதான். மூன்றாவது தீர்ப்பு. ராணுவ நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது, இது தகப்பன் சொன்ன தீர்ப்பு. மூலத்தில் வாக்கியம் முடிவது தந்தை என்ற சொல்லில்தான், கையெழுத்துப் போட்டதுபோல. மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வது தந்தையின் கடன் என்று நம் வள்ளுவர் சொல்வார். இங்கே அவை என்பது சமமான கற்களின் அவை. அந்த ஆங்கில வரியை எழுத்தும் இடைவெளியுமாக எண்ணிப் பாருங்கள். மிகச் சரியாக 66! ஒரு எழுத்து கூடினாலும் அளவைத் தாண்டியிருக்கும். தற்செயலா, உட்கார்ந்து எண்ணி எண்ணிச் செதுக்கியதா? எண்ணியிருப்பார் என்றே என் மனம் சொல்கிறது.

இதில் ஆணையத்துக்கும் பங்குண்டு. சுட்டுக் கொன்ற அரசுதான் கல்லையும் நட்டது. அதே 2 அடி 8 அங்குலம், அதே சின்னம், அதே எழுத்து. இப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு 2006-இல்தான் வந்தது. கல் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே மன்னித்துவிட்டது. பெல்ஜியத்தின் டைன் காட் கல்லறையில் இன்னொரு துணிச்சல் உண்டு. 1917 ஆகஸ்டில் 26 வயதில் இறந்த ஆர்தர் கான்வே யங் என்ற இளம் அதிகாரியின் கல். போரால் போரை ஒழிக்கலாம் என்ற பொய்க்கருத்துக்குப் பலி கொடுக்கப்பட்டவன் என்று வீட்டார் எழுதச் சொன்னார்கள். அரசாங்கத்தின் கல்லில், அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே! வெட்டிக் கொடுத்தார்கள். மூலத்தில் அது 46 எழுத்து. இன்னும் இருபதுக்கு இடமிருந்தும் தேவைப்படவில்லை.

புகழ்ந்துகொண்டே போனால் பொய்யாகிவிடும். இந்தச் சமத்துவம் ஐரோப்பாவில் மட்டுமே முழுதாக நின்றது. ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கை இதை ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர், சோமாலியர் என 45,000 முதல் 54,000 பேருக்குச் சமமான நினைவு தரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது அறவே விடுபட்டுப் போனார்கள். வெள்ளையருக்குத் தனிக் கல், கறுப்பருக்கு மொத்தமாக ஒரு நினைவுச்சின்னம் என்று அதிகாரிகள் எழுத்திலேயே முடிவு செய்த இடங்கள் உண்டு. கலையாக இந்தக் கல் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவுக்கு இந்த வஞ்சனை உறுத்துகிறது.

உடல் கிடைக்காதவர்களுக்குச் சுவர். பெல்ஜியத்தின் ஈப்ர ஊர் வாசலில் 1927-இல் திறந்த மெனின் வாயிலில் 54,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். இந்தியச் சிப்பாய்களும் அதில் உண்டு. அந்த மண்ணில் இன்றும் எலும்புகள் அகப்படுகின்றன. அடையாளம் தெரிந்துவிட்டால் அவருக்கு ஒரு கல் நட்டு, காலப்போக்கில் சுவரிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறார்கள். பெயரைப் பொறிப்பதை மரியாதை என்கிறோம். அழிப்பதையும் மரியாதையாக்கிய இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். இரவு 8 மணிக்கு வாயிலின் அடியில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு உள்ளூர்க்காரர்கள் பியூகிள் ஊதுகிறார்கள். 1928-இல் தொடங்கியது. ஜெர்மானியர் ஊரைப் பிடித்து வைத்திருந்த நான்காண்டுகள் நின்றது. 1944 செப்டம்பர் 6-இல் போலந்துப் படை ஊரை மீட்டது. அன்று மாலையே, ஊரின் வேறு பகுதியில் சண்டை ஓயுமுன், ஊதிவிட்டார்கள்.

இத்தனை ஏற்பாட்டையும், உயிரோடு திரும்பியவர்கள் எப்படிப் பார்த்தார்கள்? ஹாரி பாட்ச், இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியைச் சேர்ந்த பிளம்பர். 1917-இல் ஈப்ர அருகே லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் இருந்தார். ஐந்து பேர் கொண்ட குழு. செப்டம்பர் 22 இரவு குண்டு விழுந்து மூவர் போனார்கள், இவர் காயத்தோடு பிழைத்தார். நூறு வயதாகும்வரை வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது, நவம்பர் 11-இல் நடக்கும் நினைவுநாள் சடங்கெல்லாம் வெறும் காட்சி வியாபாரம் என்றார். அவருக்கு நினைவுநாள் செப்டம்பர் 22-தான். மூன்றுபேருக்கான நாள். பதுங்குகுழியில் போரிட்டவர்களுள் கடைசி ஆளாக 2009 ஜூலையில் 111 வயதில் இறந்தபோது, வெல்ஸ் கதீட்ரலில் கூட்டம் நிரம்பியது. அவர் போட்ட நிபந்தனை: சடங்குக்காகக்கூட ஒரு துப்பாக்கி உள்ளே வரக் கூடாது. பெட்டியோடு பெல்ஜிய, பிரெஞ்சு வீரர்களும், அவர்களோடு ஜெர்மன் வீரர்களும் வெறுங்கையோடு நடந்தார்கள். போர்வீரனின் சவ ஊர்வலத்தில் ஆயுதத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நடை மட்டும். அதைத்தான் அவர் கேட்டார்.

பிரான்சிலும் இதே கதை. கடைசியாக எஞ்சும் வீரருக்கு அரசு இறுதிச்சடங்கு என்று அறிவித்தார்கள். லாசர் பொந்திசெல்லி, இத்தாலியிலிருந்து சிறுவனாக வந்து வயதைப் பொய் சொல்லிப் படையில் சேர்ந்தவர், முதலில் மாட்டேன் என்றார். எந்த மரியாதையும் கிடைக்காமல் செத்தவர்களுக்கு அது அவமானம் என்பது அவர் வாதம். பிறகு, இறந்தவர் எல்லோருக்குமாகச் சின்னதாக ஏதாவது செய்யுங்கள், ஆடம்பரம் வேண்டாம் என்று இணங்கினார். 2008 மார்ச்சில் 110 வயதில் இறந்தார்.

ஆனால் உலகிலேயே கடைசி ஆள் இவர்கள் இருவரும் அல்ல. அது புளோரன்ஸ் கிரீன் என்ற இங்கிலாந்துப் பெண்மணி. 1918 செப்டம்பரில் 17 வயதில் விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து அதிகாரிகள் உணவகத்தில் பரிமாறினார். துப்பாக்கி தூக்கியதில்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவரை யாரும் ‘முன்னாள் வீரர்’ என்று கணக்கில் எடுக்கவே இல்லை. 2010-இல்தான் ஆய்வாளர் ஒருவர் ஆவணக் காப்பகத்தில் அவருடைய சேவைப் பதிவைக் கண்டெடுத்தார். 2012 பிப்ரவரி 4-இல், 111-ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இறந்தார். முதல் உலகப்போரின் கடைசி வீரர் என்ற இடம், தட்டு ஏந்திய கைக்குப் போனதில் எனக்கு முழுத் திருப்தி.