மர பேலட்: எந்த எல்லைக்குள் நல்லது?

மரம் மட்கும், பிளாஸ்டிக் மட்காது. ஆகவே மர பேலட்டே நல்லது என்பது சரக்குத் துறையில் பழகிப்போன வாதம். முடிவு சரியாக இருக்கலாம். காட்டும் காரணம் பிழை. குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதையும் மரத்தில் ஒரு பகுதி மீத்தேனாக வெளியேறும். அங்கே மட்குவது மரத்துக்குக் குறையே, நிறையல்ல.

ஒரு பொருளின் ஆக்கம் முதல் கழிவு வரையிலான பாதிப்பைக் கணக்கிடும் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டின் முதல் தகுதி, இத்தகைய மேம்போக்கை அது அனுமதிப்பதில்லை என்பதுதான். ஐஎஸ்ஓ 14040, 14044 தரநிலைகளின்படி அளக்க வேண்டியது பொருளை அல்ல, அது செய்யும் வேலையை. ஒரு மர பேலட்டுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் பேலட்டை நிறுத்துவது ஒப்பீடே ஆகாது. இத்தனை டன் சரக்கை இத்தனை முறை கொண்டுசேர்க்க எத்தனை பேலட் வேண்டும் என்பதே கேள்வி. பிளாஸ்டிக் அதிகச் சுற்று தாங்கும். மரம் அதைப் பழுதுபார்ப்பில் ஈடுகட்டுகிறது. 78 ஆணிகள் கொண்ட ஐரோப்பிய பேலட்டில் ஒரு பலகை முறிந்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம். ஒரே வார்ப்பான பிளாஸ்டிக் உடைந்தால் பெரும்பாலும் உருக்கத்தான் வேண்டும். மரத்தின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது.

கரிமக் கணக்கில் இன்னும் கண்டிப்பு தேவை. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம். அதைத் தொடக்கத்தில் வரவு வைத்துவிட்டு, இறுதியில் எரிக்கும்போது செலவெழுதாத அறிக்கை எதுவானாலும் தள்ளத்தக்கது.

இந்த மதிப்பீட்டு முறையின் பெருங்குறை வேறிடத்தில்: மரப் பொதியோடு பயணிக்கும் பூச்சிகளை அது எண்ணுவதில்லை. 1996இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆசிய நீள்கொம்பு வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. சீனாவிலிருந்து மரப்பெட்டிகளோடு வந்தது என்பதே ஏற்கப்பட்ட விளக்கம். அதை ஒழிக்க ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. மரப் பொதியின் மிகக் கொடிய பாதிப்பு இதுவாக இருக்க, வழக்கமான மதிப்பீட்டில் இதற்கு ஒரு பத்திகூட இல்லை. தடுப்பின் விலை மட்டும் பதிவாகிறது. பன்னாட்டு வணிகத்தின் மரப் பொதிகளுக்காக 2002இல் ஏற்கப்பட்ட ஐஎஸ்பிஎம் 15 விதியின்படி, மரத்தின் உள்மையம்வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் நிலைக்க வேண்டும். அல்லது விதி ஏற்கும் வேறு சிகிச்சை வேண்டும்; ஓசோனைச் சிதைக்கும் மெத்தில் புரோமைடால் புகையூட்டுவது அவற்றில் ஒன்று. எரிபொருளையும் ஓசோன் இழப்பையும் எண்ணிவிட்டு, காப்பாற்றப்பட்ட காட்டை எண்ணாமல் விடும் கணக்கு முழுமையற்றது.

ஆகவே தீர்ப்பு ஒன்றாக இருக்க முடியாது. வெப்பமூட்டி, பழுதுபார்த்து, குறுகிய தூரத்தில் சுழலும் பேலட்டுக்குப் பாராட்டு தகும். புகையூட்டி ஒரே பயணத்தில் கழித்துப்போடும் ஏற்றுமதிப் பெட்டிக்கு, மரத்தால் ஆனது என்பதற்காக மட்டும் அந்தப் பாராட்டைத் தர இயலாது. பேலட்டின் காலில் இருக்கும் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை எந்த நாடு, எந்தச் சிகிச்சை என்று சொல்லிவிடுகிறது. எத்தனை சுற்று ஓடியது என்பதை அது சொல்வதில்லை.